பூனை பீரோ மேல் ஏறும் வீட்டுக்கு எந்த அலாரம்?

"25 கிலோ வரை நாய் இருந்தாலும் அடிக்காது" என்று பெட்டியின் மேல் போட்டிருப்பதைப் பார்த்துத்தான் நாய் வளர்ப்பவர்கள் பலரும் திருட்டு அலாரம் வாங்குகிறார்கள். ஆனால் சுவரில் மாட்டும் சென்சாருக்கு எடை பார்க்கத் தெரியாது. எங்கள் வீட்டில் கருப்பன் என்று ஒரு நாட்டு நாய், 20 கிலோவுக்குக் குறையாது. மீனு என்று ஒரு பூனை, 4 கிலோ தேறினால் அதிகம். இருவரில் அலாரத்தைக் கிளப்பிவிடக்கூடிய ஆள் மீனுதான். கருப்பன் தரையோடு சரி. மீனுவுக்கு பீரோவின் உச்சி, ஃப்ரிட்ஜின் தலை, சோபாவின் முதுகு எல்லாமே நடைபாதை.

கடையில் மோஷன் சென்சார் என்று எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் பி.ஐ.ஆர். வகை. அது எதையும் வெளியே அனுப்பாது. எதிரே உள்ள உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை, அதாவது சூட்டை, மாட்டிய இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கும். முன்னால் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக், ஃபிரெனல் லென்ஸ். அறையை விசிறி மடிப்பு போலப் பல பட்டைகளாகப் பிரித்து உள்ளே காட்டுவது அதன் வேலை. சூடான ஓர் உடம்பு ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தால் சென்சார் விழித்துக்கொள்ளும். குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும். நேராக அதை நோக்கி வருபவரைப் பிடிக்கக் கொஞ்சம் திணறும்.

'பெட் இம்யூன்' என்று விற்பவற்றில் சிலவற்றுக்குத் தரையை ஒட்டிய பட்டைகளே இருக்காது. வேறு சில, மேல் பட்டை, கீழ்ப் பட்டை இரண்டிலும் சேர்ந்து அசைவு தெரிந்தால்தான் மனிதன் என்று எடுத்துக்கொள்ளும். எப்படியானாலும் கணக்கு உயரத்தையும் உருவத்தையும் வைத்துத்தான். சோபா முதுகில் ஏறி நிற்கும் பூனை அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட ஓர் ஆள். ரோமத்துக்கும் இதில் பங்கு உண்டு. பொமரேனியனின் அடர்ந்த முடி உடம்புச் சூட்டை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒட்டிய முடி உள்ள நாய் சென்சார் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். இரண்டு நாய்கள் ஒன்றாக ஓடி விளையாடினால் பெட்டியில் போட்ட கிலோவை மறந்துவிடலாம்.

பாளையங்கோட்டையில் என் தங்கை வீட்டு ஹாலில் இப்படி ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ராத்திரி அது அலறியது. பக்கத்து வீட்டு மாமா டார்ச் லைட்டோடு ஓடிவந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், சோபாமேல் நாய் நிற்கிறது. அடுத்த தடவை அடித்தபோதும் வந்தார். அதற்கடுத்த தடவை, "உங்க நாய்தாம்மா, வேறென்ன" என்று போனில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். மெஷினில் ஒரு குறையும் இல்லை. தெருவில் அதற்கு மதிப்புதான் போய்விட்டது. புலி வருது கதைதான்.

அதனால் என் கட்சி இது: வீட்டின் உட்புறத்தைப் பிராணிகளுக்கு விட்டுவிட்டு, காவலைக் கதவுகளில் போட வேண்டும். எங்கள் மதுரை வீட்டில் மாட்ட வந்த தம்பி ஹாலுக்கு ஒன்று, மாடிப்படிக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று என்று மோஷன் சென்சாராகவே அடுக்கிக்கொண்டு போனார்.

"தம்பி, திருடன் ஹாலுக்கு வந்து உக்காந்தபிறகு அடிச்சு என்ன பிரயோஜனம்? கதவைத் திறக்கும்போதே அடிக்கணும்ல?" என்றேன்.

"அது கதவு சென்சார்க்கா. விலையும் கம்மிதான். யாரும் கேக்குறதில்ல" என்றார்.

கதவு சென்சாரில் இருப்பது ஒரு காந்தமும் ஒரு ரீட் ஸ்விட்சும். கதவில் ஒன்று, நிலையில் ஒன்று. இரண்டும் பிரிந்தால் அலாரத்தின் தலைமைப் பெட்டியான பேனலுக்குத் தகவல் போகும். எதிரே நாய் நாள் முழுக்க ஆட்டம் போட்டாலும் அதற்கு அக்கறையில்லை. நம் ஊர் ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி இருப்பதால் கண்ணாடி உடைப்பு சென்சார் நமக்கு அவ்வளவு தேவைப்படாது. மலிவான ரகம் பாத்திரம் உருண்டாலும், நாய் குரைத்தாலும் அடித்துத் தொலைக்கும். கவலைப்பட வேண்டியது மொட்டை மாடிக் கதவைப் பற்றி. வாசலுக்குத் தேக்குக் கதவு, கிரில் கேட், திண்டுக்கல் பூட்டு என்று செலவழிக்கும் நாம், மாடிக்கு ஒரு தகரக் கதவும் ஒரு தாழ்ப்பாளும் போட்டுவிட்டுக் கீழே நிம்மதியாகத் தூங்குவோம்.

அந்தத் தகரக் கதவில் சாதாரண காந்தம் சரிவராது. இரும்பு காந்தப் புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இரும்புக் கதவுக்கென்று கனமான செட் தனியாக வருகிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும். மரக்கதவு ஐப்பசி மழையில் உப்பி, பங்குனி வெயிலில் சுருங்கும். சாதாரண செட் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளிக்குமேல் தாங்காது. எனவே கதவைப் பூட்டிவிட்டு, நாய் முட்டுவதைப் போல உள்ளிருந்து தள்ளிப் பாருங்கள். அப்போது ஆடுகிற ஆட்டத்தையும் சேர்த்துத்தான் இடைவெளி கணக்கு. ஒட்டும் இடம் கதவின் மேல் ஓரமாக இருக்கட்டும். கீழே ஒட்டினால் குட்டி நாய் கடித்துப் பிடுங்கிவிடும். பல சென்சார்களுக்குள் இருப்பது சி.ஆர். 2032 மாதிரியான வட்ட பேட்டரி. அதை விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய விஷயம். ரிமோட்டுக்கும் இதே எச்சரிக்கை.

கிரில்லில் அதிர்வு சென்சார் போடலாமா என்று தம்பி கேட்டார். பால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டாலே கருப்பன் முன்னங்கால் இரண்டையும் கிரில்லில் வைத்து உலுக்குவான். வேண்டாம் என்றேன்.

மோஷன் சென்சாரே கூடாது என்று சொல்லவில்லை. நகை பீரோ இருக்கும் அறைக்குள் பிராணிகள் போகாமல் கதவைச் சாத்தி வைக்க முடியுமானால், அங்கே சாதாரண பி.ஐ.ஆர். ஒன்று போதும். ஹாலில்தான் வேண்டும் என்றால் பெட் இம்யூன் வாங்கி, குறிப்புப் புத்தகத்தில் சொன்ன உயரத்தில், வழக்கமாக 7 அடிக்கும் 8 அடிக்கும் நடுவில், கீழே சாய்க்காமல் மாட்ட வேண்டும். "நல்லா தெரியட்டும்" என்று தலையைக் கொஞ்சம் குனிய வைத்தாலே பூனைக்கான விலக்கு போய்விடும். மாடிப்படியையோ சோபாவையோ பார்த்தபடி வைக்கவே கூடாது. மைக்ரோவேவும் சேர்ந்த டூயல் டெக் வகையை வாங்கச் சொல்வார்கள். ஆடும் கர்ட்டன், வெயில் விழுந்து சூடாகும் தரை ஆகியவற்றால் வரும் பொய்ச் சத்தத்தை அது நன்றாகவே குறைக்கும். பூனையோ சூடாகவும் இருக்கிறது, நகரவும் செய்கிறது. ஆகவே அதற்கு இது அரை மருந்துதான்.

சோதனை செய்ய நான் நெத்திலிக் கருவாட்டை நம்புகிறேன். பேனலை டெஸ்ட் மோடில் போட்டு, பீரோ மேல் நாலு நெத்திலி வைத்துவிட்டு, நாம் அறைக்கு வெளியே நின்று சென்சாரின் சிவப்பு விளக்கை மட்டும் பார்க்க வேண்டும். மீனு ஏறும்போது விளக்கு மின்னினால் சென்சாரை இடம் மாற்று, இல்லாவிட்டால் பீரோவை இடம் மாற்று. மே மாதத்தில் இன்னொரு முறை செய்து பார்ப்பது நல்லது. பூட்டிய வீட்டுக்குள் சுவரே 36, 37 டிகிரியைத் தொட்டுவிடும். மனிதத் தோலின் சூட்டுக்கும் சுவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போனால் பி.ஐ.ஆருக்குக் கண் மங்கும். டெம்பரேச்சர் காம்பன்சேஷன் உள்ள வகை, அந்த நேரத்தில் தன் கூர்மையைத் தானே கூட்டிக்கொள்ளும். அது இல்லாததை நம் ஊருக்கு வாங்குவது வீண். கூர்மை கூடினால் பூனையும் கூடுதலாகத் தெரியும் என்பதால்தான் கோடையில் இரண்டாவது நெத்திலி.

வீட்டில் நாம் வளர்க்காமலே வளரும் பிராணி ஒன்று உண்டு: பல்லி. தூரத்தில் ஓடும் பல்லி சென்சாருக்கு ஒன்றுமேயில்லை. அதே பல்லி லென்ஸ் மேலேயே ஊர்ந்தால் அறை முழுக்க ஏதோ நகர்வதாகத் தோன்றும். டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். அங்கே சென்சார் மாட்டாதீர்கள். பின்பக்கம் உள்ள ஓட்டைகளை சிலிக்கோன் வைத்து அடைத்துவிட்டால் எறும்பும் உள்ளே குடியேறாது.

வயர்லெஸ் எடுத்ததற்குக் காரணம், முடித்த சுவரை உடைக்க மனமில்லை; கருப்பன் கடிக்க வயரும் இருக்காது. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் தூரம் வெட்டவெளிக் கணக்கு. கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக் கதவின் சிக்னல் கீழே வருகிறதா என்று மாட்டுமுன்பே பாருங்கள். மலிவான செட்டுகளில் சென்சார் பேசும், பேனல் கேட்கும், அவ்வளவுதான். பேட்டரி தீர்ந்து சென்சார் செத்துக்கிடந்தாலும் பேனலுக்குத் தெரியாது. இருவழித் தொடர்பும் சூப்பர்விஷனும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். கரண்ட் போனால் ரூட்டரும் போகும், அதை இன்வெர்ட்டரில் சேர்க்க வேண்டும். சிம் போடும் பேனல் 2ஜி மட்டும் என்றால் ஜியோ சிம் அதில் வேலை செய்யாது, ஜியோவுக்கு 2ஜியே கிடையாது.

சைரன் விஷயத்தில் பிராணிகளின் பக்கம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. 110 டெசிபல் சைரனை ஹாலுக்குள் மாட்டிவிட்டு, அதே ஹாலில் நாயைப் பூட்டிவிட்டுப் போவது கொடுமை. நமக்குக் கேட்காத உச்சஸ்தாயி எல்லாம் அவற்றுக்குக் கேட்கும். வெளியே சன்ஷேடுக்குக் கீழே சைரன் இருந்தால் தெருவுக்கும் கேட்கும், நாயும் கட்டிலுக்கடியில் மூத்திரம் போகாது.

ஊருக்குப் போகும்போது மீனுவுக்குச் சாப்பாடு வைக்க எதிர் வீட்டு அக்கா வருவார்கள். அலாரத்தை நிறுத்த அவர்களுக்குத் தனி எண் போட்டுக் கொடுத்திருக்கிறேன், காலை 7 முதல் 8 வரை மட்டும் செல்லும். கதவைத் திறந்ததும் கருப்பன் மேலே பாய்ந்து நக்குவான் என்பதால், எண்ணை அழுத்தும் அவகாசத்தை 30 நொடியிலிருந்து 60 ஆக்கச் சொன்னார்கள், ஆக்கிவிட்டேன்.