பட்டர்வொர்த் சேபரை நீயே கட்டு

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். போன வாரம் உன் அம்மா தொலைபேசியில் பேசும்போது நீ ஆசைப்படும் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். 1/48 அளவில் சுகோய்-30. விலை முந்நூறு வெள்ளியைத் தாண்டுகிறதாம். “நீங்கள்தானே அண்ணா பழக்கிவிட்டீர்கள், நீங்களே அவனுக்குப் பதில் சொல்லுங்கள்” என்றாள். அவள் கேட்டது நியாயம். அதனால்தான் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டிவிடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியை நான் வாங்கித் தரப்போவதில்லை. கோபப்படாமல் முழுக்கப் படி. நீ ஒட்டி முடித்த விமானங்களின் படங்களை அம்மா அனுப்பியிருந்தாள். உடலின் இரு பாதிகள் சேரும் கோடு தெரியாத அளவுக்குத் தேய்த்திருக்கிறாய். சக்கரங்கள் நேராக நிற்கின்றன. பெட்டியில் வந்ததைப் பெட்டியில் சொன்னபடி சேர்க்க உனக்கு வந்துவிட்டது. விலை கூடிய பெட்டியும் அதையேதான் கேட்கும், பாகங்கள்தான் அதிகம். உனக்கு இப்போது வேண்டியது, பெட்டியில் இல்லாத ஒரு விமானத்தை அளந்து, வெட்டி, நீயே உண்டாக்கும் வேலை. மலிவான பெட்டி ஒன்றை எடுத்து இன்னொரு விமானமாக மாற்றுவது. ஐம்பது அறுபது வெள்ளிக்குள் முடியும். பல மாதம் உன்னைக் கட்டிப்போடும்.

எந்த விமானம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் தலைக்கு மேலே பறந்த ஆஸ்திரேலிய சேபர்.

பட்டர்வொர்த் விமானத் தளத்தைப் பிரிட்டிஷார் 1941இல் திறந்தார்கள். 1958இல் அது ஆஸ்திரேலிய விமானப்படையின் கைக்கு வந்தது. அந்த ஆண்டின் கடைசியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் அவர்களுடைய 3ஆவது, 77ஆவது ஸ்குவாட்ரன்கள் சேபர்களோடு இங்கே வந்து இறங்கின. மலாயா அவசரகாலத்தின் கடைசிக் கட்டத்திலும், பிறகு இந்தோனேசியாவோடு நடந்த மோதல் காலத்திலும் அவை இங்கேதான் இருந்தன. 1967இலிருந்து மிராஜ்கள் வரத் தொடங்கின. நான் பையனாக தெலுக் ஆயர் தாவாரில் அண்ணாந்து பார்த்தவை பெரும்பாலும் மிராஜ்கள்தான். அவை 1988 வரை இருந்தன. சேபரைப் பற்றி உன் தாத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் சேபர் அத்தோடு நம் ஊரை விட்டுப் போய்விடவில்லை. 1969இலிருந்து ஆஸ்திரேலியா அவற்றில் சிலவற்றை நம் நாட்டுக்கே கொடுத்தது. நம் விமானப்படையின் 11ஆவது ஸ்குவாட்ரன் அவற்றை இதே பட்டர்வொர்த்தில் ஓட்டியது. ஓடுபாதையும் விமானமும் மாறவில்லை. வாலிலிருந்த கொடி மாறியது. மாதிரி கட்டுகிறவனுக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

கடையில் கிடைப்பது அமெரிக்க எஃப்-86எஃப் சேபர். 1/72 அளவில் பல கம்பெனிகள் போடுகின்றன, மலிவானவையும் உண்டு. ஆஸ்திரேலியர்கள் வைத்திருந்தது தூரத்திலிருந்து பார்த்தால் அதேதான். கிட்டப் போனால் வேறு விமானம். மெல்பர்னில் காமன்வெல்த் ஏர்கிராஃப்ட் கார்ப்பரேஷன் கட்டியது அது. அமெரிக்க ஜே-47 இஞ்சினை எடுத்துவிட்டு ரோல்ஸ்ராய்ஸ் ஏவான் வைத்தார்கள். ஜே-47 கொடுத்த தள்ளுவிசை 6,000 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. ஏவான் கொடுத்தது சுமார் 7,500. அவ்வளவு சக்திக்கு அதிகக் காற்று வேண்டும். காற்றுக்காக மூக்குத் துளையைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. துளை பெரிதானதால் உடல் 3½ அங்குலம் ஆழமானது. கடைசியில் உடலில் 60 விழுக்காட்டுக்கு மேல் புதிதாக வரைய வேண்டி வந்தது. ஆறு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்த இடத்தில் இரண்டு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள் வந்தன. ஒரு மாற்றம் அடுத்த மாற்றத்தை இழுத்துக்கொண்டு போவதைப் பார். நீ உப்புத்தாளும் கையுமாக மேசையில் செய்யப்போவதும் அதே வரிசைதான். ஏன் வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்டும் கை வேறு மாதிரி வெட்டும்.

இனி கணக்கு. 1/72 என்றால் நிஜத்தில் ஆறடி, மேசையில் ஓர் அங்குலம். நிஜ அளவை மில்லிமீட்டராக்கி 72ஆல் வகுத்தால் போதும். 3½ அங்குலம் என்பது 88.9 மில்லிமீட்டர், வகுத்தால் 1.2 மில்லிமீட்டர் சொச்சம். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் சேபரின் முகமே அந்தத் துளைதான். அந்த ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் அதை ஆஸ்திரேலிய சேபராக்குகிறது. உடலை ஒட்டுவதற்கு முன்பே இரு பாதிகளையும் மூக்கிலிருந்து பின்னோக்கி நீளவாக்கில் அறுத்து, நடுவில் பிளாஸ்டிக் துண்டைச் செருகி ஆழப்படுத்து. அறுப்பு எங்கே தொடங்கி எங்கே பழைய உடலோடு கலந்து மறைய வேண்டும் என்பதைப் பக்கவாட்டுப் படம் ஒன்றை 1/72 அளவுக்கு அச்சடித்து, அதன்மேல் பாகத்தை வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய். காற்றுத் துளையின் உதடு மெல்லியதாக இருக்க வேண்டும். உள்பக்கம் தேய், வெளிப்பக்கத்தைத் தொடாதே.

பெட்டி வாங்கும்போது ஒன்றைக் கவனி. எஃப்-86எஃப்-40 என்று போட்டிருந்தால் அதன் இறக்கை நுனிகள் பக்கத்துக்கு 12 அங்குலம் நீட்டப்பட்டவை. நமக்கு வேண்டிய ஆஸ்திரேலிய சேபர் மார்க் 32க்கு அந்த நீட்டம் கிடையாது. நுனியில் 4.2 மில்லிமீட்டர் வெட்ட வேண்டும், முன்விளிம்பிலுள்ள ஸ்லாட் கோடுகளையும் அடைக்க வேண்டும். எஃப்-86எஃப்-30 கிடைத்தால் இந்த வேலை மிச்சம். எதை வாங்கினாலும், வேலை முடிந்ததும் நுனியிலிருந்து நுனி 157 மில்லிமீட்டர் வர வேண்டும். மூக்கின் இரு பக்கமும் உள்ள மும்மூன்று துப்பாக்கித் துளைகளை அடைத்துவிட்டு, பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய பீரங்கித் துளையை வெட்டு.

இதற்கென்றே ரெசினில் செய்த மாற்றுப் பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். தபால் செலவோடு சேர்த்தால் பெட்டியின் விலையை மிஞ்சிவிடும். நீ கற்றுக்கொள்ள வேண்டிய வேலையை வேறொருவர் செய்து அனுப்பியதாகவும் ஆகிவிடும். பிளாஸ்டிக் தகடு வீட்டிலேயே இருக்கிறது. தயிர் டப்பா, பானக் கோப்பை மூடி இவற்றின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்டிருக்கிறதா பார். அது பாலிஸ்டைரீன், உன் விமானமும் அதே பொருள்தான். மாதிரிகளுக்கான சிமெண்ட் அதை உருக்கி ஒன்றாக்கும். 5 என்று இருந்தால் எறிந்துவிடு, அது ஒட்டாது. மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, வேண்டிய கனத்துக்குத் தேய்த்துக்கொள்.

பாகங்களைத் தாங்கி வரும் சட்டத்தைத் தூக்கிப் போடாதே. பொடியாக நறுக்கி, சிமெண்ட் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் கண்ணாடிக் குப்பியில் போட்டால் கூழாகக் கரையும். இடைவெளி அடைக்க அதைவிட நல்ல புட்டி கடையில் இல்லை, ஏனென்றால் அது அதே பிளாஸ்டிக். காய இரண்டு மூன்று நாள் விட வேண்டும். அவசரமென்றால் சூப்பர் குளூவும் சமையல் சோடாவும் உடனே இறுகும். ஆனால் கல்லாகிவிடும், அதனால் உடனே தேய்த்துவிடு. சட்டத் துண்டை மெழுகுவத்திச் சூட்டில் இளக்கி இழுத்தால் மயிரிழை போலக் கம்பி கிடைக்கும், ஆன்டெனாவுக்கு அதுவே போதும். உப்புத்தாளைக் கார் சாயக் கடையில் வாங்கு, 400, 800, 1200, 2000 எல்லாம் சில்லறையாகத் தருவார்கள். மூக்குக்குள் வைக்க ஈயம் தூண்டில் கடையில் கிடைக்கும். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. சேபருக்கு மூக்குச் சக்கரம் உண்டு, முன்னால் பாரம் வைக்காவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். உடலை மூடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், மூடிய பிறகு வழியில்லை.

காசைச் செலவழிக்க வேண்டிய இடங்கள் என்றால் நல்ல தூரிகை ஒன்று, மெல்லிய சிமெண்ட் ஒரு குப்பி, ஒழுங்கான டெக்கல் தாள், அவ்வளவுதான். இவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவுத் தூரிகை உதிர்க்கும் ஒரு மயிர் ஒரு மாத வேலையைக் கெடுக்கும்.

சாயம் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே நம் ஊர்க் காற்று குறுக்கே நிற்கும். பட்டர்வொர்த் சேபர்கள் பளபளக்கும் உலோக நிறம். உலோக நிறம் எதையும் மறைக்காது. கீறல், தூசி, விரல் ரேகை எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். அதனால் 2000 தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, முதலில் பிரைமர், அதன்மேல் பளபளப்பான கறுப்பு, அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய வெள்ளிப் பூச்சு. கார் ஸ்ப்ரே டப்பா போதும். ஆனால் பிரைமர் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக்கில் அடித்தால் அதிலுள்ள கரைப்பான் மேற்பரப்பை அரித்துவிடும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் அடிக்கவே கூடாது. ஈரக் காற்றில் சாயம் வெளுத்து மங்கிப்போகும். வெயில் ஏறிய காலை பத்து, பதினொரு மணிதான் சரியான நேரம். அடுக்குமாடியின் நடைபாதையில் அடிக்காதே, பக்கத்து வீட்டில் குழந்தை இருக்கிறது. கீழே திறந்த வெளிக்குப் போ, முகக்கவசம் போட்டுக்கொள். டெக்கல் தாளைக் குழாய்விளக்கடியில் கிடத்தாமல் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பையில் வை. பழைய தாள் மஞ்சளடித்திருந்தால் ஜன்னல் கண்ணாடியில் வெயில் பார்க்க ஒட்டி வைத்தால் சில நாளில் வெளுக்கும்.

எந்தப் படையின் அடையாளம் போடுவது என்பது உன் விருப்பம். ஆஸ்திரேலியா என்றால் 1956இலிருந்து உடல் வட்டத்துக்குள் சிவப்புக் கங்காரு நிற்கும். இரு பக்கமும் அது மூக்கை நோக்கிப் பார்க்க வேண்டும். அதனால் இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என்று தாளில் இருக்கிறதா பார்த்து வாங்கு. மலேசியா என்றால் அடையாளத்திலுள்ள நட்சத்திரத்தின் முனைகளை எண்ணு. நம் கொடியிலேயே 1963க்கு முன் 11, பின் 14. ஆண்டு தெரியாத படத்தை நம்பி எதையும் ஒட்டாதே. எனக்கு ஓர் ஆசை உண்டு. ஏ94-983 என்ற எண்ணுள்ள சேபர் பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலியர்களோடு பறந்தது, பிறகு நம் படைக்கு வந்தது, பிறகு ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிப் போய் இன்று டெமோரா விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு நாட்டு உடையும் போட்ட அந்த விமானம் உன் அலமாரியில் நிற்கட்டுமே.

படங்களுக்கு ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் தொகுப்பைத் தேடு. பட்டர்வொர்த் என்று போட்டால் வரும். தளத்து வேலியோரம் போய்க் கைப்பேசியை நீட்டாதே. அது தடைசெய்யப்பட்ட இடம், அங்கே விளையாட்டு வேண்டாம்.

சேபர் முடிந்த பிறகு என்ன என்று கேட்பாய். பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானம். 1941 டிசம்பர் 9 அன்று இதே தளத்திலிருந்து பிளென்ஹைம்கள் தாய்லாந்தின் சிங்கோராவைத் தாக்கப் புறப்பட்டன. ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப் மேலே ஏறியதும் ஜப்பானிய விமானங்கள் தளத்தின்மேல் குண்டு போட்டன, மற்றவை கிளம்ப முடியவில்லை. அவர் தனியாகவே போய்க் குண்டுகளை இறக்கினார். கடுமையாகக் காயம்பட்டும் விமானத்தை அலோர் ஸ்டார் வரை கொண்டுவந்து, கூட இருந்த இருவருக்கும் காயமில்லாமல் வயிற்றால் தரையிறக்கினார். அவருடைய மனைவி அந்த ஊர் மருத்துவமனையில் தாதி. அங்கேயே ஸ்கார்ஃப் இறந்தார். 1946இல் அவருக்கு விக்டோரியா கிராஸ் அறிவித்தார்கள். உடல் தைப்பிங் போர்க் கல்லறையில் இருக்கிறது. அவர் ஓட்டியது குட்டை மூக்குள்ள மார்க் 1. பழைய பெட்டிகளில் நீள மூக்கு மார்க் 4 மலிவாகக் கிடைத்தால் எடுத்து வை. மூக்கை மாற்றும் வேலை உன்னுடையது. அந்த விமானத்தை யார் கட்டினாலும் பெயர் தெரிந்து கட்ட வேண்டும்.

நீ இப்போது படிவம் நான்கு. அடுத்த ஆண்டு எஸ்பிஎம். வாரநாளில் மேசை மூடியிருக்கட்டும், சனிக்கிழமை பிற்பகல் உன்னுடையது. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். சிமெண்ட், சாயம் எல்லாவற்றையும் வேலை முடிந்த பின் மூடி போட்டு வை, பிளேடைத் தகர டப்பாவில் போடு. தங்கச்சி எல்லாவற்றையும் தொடும் வயது.

பெட்டிக்கும் தூரிகைக்கும் சேர்த்து எழுபது வெள்ளி அம்மாவின் கணக்கில் போட்டிருக்கிறேன். மூக்கை அறுப்பதற்கு முன் உன் அளவுகளை ஒரு தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பு. நான் சரிபார்த்துச் சொன்ன பிறகு ரம்பத்தை எடு.

அன்புடன்,
மாமா