புதிய வீட்டிற்கு வெப்பக் காப்பு: எவ்வளவு கனம் போதும்?

வீடு கட்டும் குடும்பத்தார் களப்பணியாளரிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "கூரைத் தளத்தின்மேல் வெப்பக் காப்புப் பாளம் பதிக்கலாமா? பதித்தால் எத்தனை அங்குலம்?" காப்பு வேண்டாமென்று விட்டவர், கோடையில் அனலாய்க் கொதிக்கும் அறையில் ஆண்டுதோறும் துன்புறுகிறார். கனம் கூடினால் பயனும் அதே அளவில் கூடுமென்று நம்பியவரோ, கடன் பணத்தைத் தேவையில்லாத இடத்தில் புதைக்கிறார். இரண்டும் இழப்பே. எளிய கணக்கொன்றினால் இவ்விரண்டையும் தவிர்க்கலாம்.

கூரையின் வழியே வெப்பம் புகும் விதம்

கோடையில் ஞாயிறு உச்சிக்கு அருகே செல்வதால், சுவர்களைக் காட்டிலும் கிடைத்தளமான கூரையே மிகுதியான வெயிலைப் பெறுகிறது. வெறும் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசைக் கடந்து சூடேறுவதுண்டு. இவ்வெப்பம் தளத்தினுள் மெல்ல இறங்கி, மாலையிலும் முன்னிரவிலும் அறைக்குள் வீசுகிறது. வெளிக்காற்று குளிர்ந்த பின்னரும் மேல்மாடி அறை புழுங்குவதற்குக் காரணம் இதுவே.

ஒரு கூரையின் இரு பக்கங்களுக்குமிடையே 1 பாகை வேறுபாடு இருக்கும்போது, 1 சதுர மீட்டர் பரப்பின் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதை வெப்ப ஊடுருவல் எண் எனலாம். எண் குறையக் குறையக் காப்பு மிகும். 10 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம், அடிப்பூச்சுடன், ஏறத்தாழ 3.4 என்ற எண்ணைப் பெறும். அதன்மேல் தெர்மோகோல் வகைப் பாளம் பதித்தால் எண் பின்வருமாறு குறையும்:

பாளம் இல்லை: 3.4
2.5 செ.மீ.: 1.0
5 செ.மீ.: 0.58
7.5 செ.மீ.: 0.41

முதற்படலம் எண்ணை 2.4 அளவு குறைக்கிறது, இரண்டாவது 0.42, மூன்றாவது 0.17 மட்டுமே. ஒவ்வொரு படலத்தின் விலையும் ஒன்றே; பயனோ விரைந்து தேய்கிறது. இப்பாடத்தின் உயிர்நாடி இதுவே. மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் குடியிருப்புகளுக்கென 2018இல் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பு, கூரையின் எண் 1.2க்கு மேற்படலாகாது என்கிறது. முதற்படலமே இவ்வரம்பை நிறைவு செய்துவிடுவது கருதத்தக்கது.

வட மாநிலங்களில் வைக்கோல் கலந்த களிமண்ணைத் தளத்தின்மேல் பரப்பி, அதன்மேல் செங்கல் ஓடு பாவுவது பழைய வழக்கம். 10 சென்டிமீட்டர் மண் படலத்தின் வெப்பத்தடை, 1 சென்டிமீட்டர் தெர்மோகோலின் தடையைவிடக் குறைவு. எனினும் அதன் எடை வெப்பத்தின் வருகையைத் தாமதப்படுத்துகிறது. தாமதம் வேறு, தடை வேறு என்பதை மாணவர்க்கு விளக்குதல் நலம்.

செலவும் சேமிப்பும்

நாகபுரியில் மேல்மாடியில் 12 சதுர மீட்டர் பரப்புள்ள படுக்கையறை ஒன்றைக் கொள்க. குளிர்சாதனம் ஆண்டில் 120 நாள், நாளொன்றுக்கு 10 மணி இயங்குகிறது. அவ்வேளையில் கூரைக்கும் அறைக்கும் சராசரி வேறுபாடு 15 பாகை. குளிர்சாதனம் 1 யூனிட் மின்சாரத்தால் 3 யூனிட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. மின்சாரம் யூனிட்டுக்கு 8 ரூபாய். இவை எடுத்துக்காட்டிற்காகக் கொண்ட அளவுகளே. அந்தந்த ஊரின் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

எண், பரப்பு, வேறுபாடு, மணி ஆகியவற்றைப் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் வெப்பம் யூனிட் அளவில் கிடைக்கும்; அதை 3ஆல் வகுத்தால் மின்செலவு. பாளமில்லாக் கூரையின் பொருட்டு ஆண்டுக்கு 245 யூனிட் செலவாகும். 2.5 செ.மீ. பாளத்துடன் அது 72 ஆகவும், 5 செ.மீ. ஆனால் 42 ஆகவும், 7.5 செ.மீ. ஆனால் 30 ஆகவும் குறையும். ஆகவே முதற்படலம் ஆண்டுக்கு 1,384 ரூபாயும், இரண்டாவது 240 ரூபாயும், மூன்றாவது 96 ரூபாயும் மிச்சப்படுத்தும்.

பாளம் ஒரு படலத்திற்கு 1,800 ரூபாயும், பதிக்கும் கூலி, மேற்பூச்சு, தட்டோடு ஆகியவற்றிற்கு ஒருமுறை 6,000 ரூபாயும் ஆகுமெனக் கொள்க. பணம் நூற்றுக்கு 9 வட்டியில், 20 ஆண்டுத் தவணைக் கடனாகப் பெறப்பட்டால், 1,800 ரூபாய்க்கு ஆண்டுத் தவணை சுமார் 194 ரூபாய். 7,800 ரூபாய்க்குச் சுமார் 842 ரூபாய்.

இனி முடிவு தெளிவாகும். முதற்படலத்தின் சேமிப்பு, கூலியும் ஓடும் சேர்ந்த முழுத் தவணையையும் விஞ்சுகிறது. இரண்டாவது தன் தவணையைச் சிறிதளவே விஞ்சுகிறது. மூன்றாவது பாதித் தவணைக்கும் ஈடாகாது. அப்பணத்தைச் சன்னல் நிழற்பலகைக்கோ நீர்க்காப்பிற்கோ செலவிடுதல் மேல்.

முடிவை மாற்றும் காரணங்கள்

மேற்பரப்பை வெள்ளையாக்கினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிவிடும். அதனால் சராசரி வேறுபாடு 15லிருந்து 9 பாகையாகக் குறைந்ததாகக் கொண்டால், இரண்டாம் படலத்தின் சேமிப்பு 240லிருந்து 144 ரூபாயாகிவிடும். தவணைக்கு அது போதாது. எனவே வெள்ளைப் பூச்சு முதலில் எண்ணத்தக்கது. ஆனால் சுண்ணாம்பு மழையில் கரையும். புழுதி படிந்தால் பயன் குன்றும். மீண்டும் பூசும் செலவையும் கணக்கிட வேண்டும்.

லே போன்ற குளிர்நாட்டில் வெப்பமூட்டும் காலம் நீளம், வேறுபாடும் பெரிது. அங்கே மூன்றாம் படலமும் ஆதாயமாகலாம். பெங்களூர் போன்ற மிதமான இடங்களில் முதற்படலத்துடன் நிற்பதே போதுமானதாகலாம். மேலே மற்றொரு மாடி உள்ள அறைக்குக் கூரைக் காப்பினால் பயனில்லை.

குளிர்சாதனம் இல்லாத வீட்டில் மிச்சமாகும் மின்சாரம் ஏதுமில்லை. ஆயினும் பயன் உண்டு. குழந்தைகளும் முதியோரும் உறங்கும் அறையின் வெம்மை தணிவதை ரூபாயில் அளத்தல் இயலாது. அத்தகைய வீட்டிற்கு வெள்ளைப் பூச்சும் முதற்படலமும் பரிந்துரைக்கத்தக்கவை.

பாளத்தைத் தளத்தின் மேற்புறம் பதித்தால் கான்கிரீட் வெயிலில் விரிந்து சுருங்குவது குறையும், வெடிப்புகளும் குறையும். ஈரம் புகுந்த பாளம் காப்பை இழப்பதால் நீர்க்காப்பில் சிக்கனம் கூடாது. வீடு கட்டும்போதே பதித்தல் வேண்டும். பின்னர்ப் பதிப்பதாயின் பாவிய ஓட்டைப் பெயர்க்கும் செலவும் சேரும்.

வகுப்பறைச் சோதனை

ஒரே அளவுள்ள நான்கு தகரப் பெட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றினுள்ளும் ஒரு வெப்பமானியை வைக்கவும். ஒன்றை வெறுமையாக விட்டு, மற்றவற்றின் மூடிமேல் முறையே ஒன்று, இரண்டு, மூன்று தெர்மோகோல் தகடுகளை ஒட்டவும். பக்கங்களின் வழியே வெப்பம் புகாதவாறு நான்கையும் பக்கவாட்டில் ஒரே விதமாகக் காக்கவும். வெயிலில் வைத்து, கால் மணிக்கு ஒருமுறை அளவைக் குறித்து வரைபடம் வரையலாம். முதல் தகடு செய்யும் மாற்றத்தை மூன்றாம் தகடு செய்வதில்லை என்பதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர்.

அடுத்த படலத்தின் ஆண்டுச் சேமிப்பு அதன் ஆண்டுத் தவணையைவிட மிகுமாயின் பதிக்கவும். குறையுமாயின் அவ்விடத்தே நிறுத்தவும். களப்பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டிய விதி இது ஒன்றே.