கட்டளை: ஒரு சொல்லும் அது வழங்கும் துறைகளும்

சிங்கப்பூரில் இந்து அறக்கட்டளை வாரியம் என்கிறோம். பினாங்கில் இந்து அறப்பணி வாரியம். தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது தமிழில் கட்டளை, பணி, நிலையம் என மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. பணியும் நிலையமும் எளிதில் விளங்குகின்றன. கட்டளைதான் சற்றே தயங்க வைக்கிறது. கட்டளை என்றால் உத்தரவு அன்றோ? படைத்தலைவர் இடுவது கட்டளை. கணினிக்கு நாம் கொடுப்பதும் கட்டளை. கிறிஸ்தவ நண்பர்கள் பத்துக் கட்டளைகள் என்பர். அவ்வாறாயின் அறம் செய்ய முன்வரும் அன்பர் ஆலயத்துக்கு உத்தரவா இடுகிறார்?

இச்சொல் வழங்கும் வேறு சில துறைகளுக்குள் சென்று வந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

முதலில் பொற்கொல்லர் பட்டறை. பொன்னின் தரம் அறிய அதைக் கருங்கல்லில் உரசி, மாற்றுத் தெரிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிடுவர். உரைகல் என்று நாம் சொல்லும் அக்கல்லுக்குக் கட்டளைக்கல் என்றும் பெயர். ஒருவரின் உயர்வையும் தாழ்வையும் அவர் செயலே காட்டிவிடும் என்று சொல்லவந்த திருவள்ளுவர், 505ஆம் குறளில் இச்சொல்லைத்தான் எடுத்தாள்கிறார். இங்கே உத்தரவு ஏதுமில்லை. இருப்பது ஓர் அளவுகோல்.

அடுத்தது யாப்பு. அபிராமி அந்தாதியும் கந்தரலங்காரமும் நம் ஆலயங்களில் ஓதப்படுவன. இரண்டும் கட்டளைக் கலித்துறையில் அமைந்தவை. அடிக்கு ஐந்து சீர், பாட்டுக்கு நான்கு அடி. கலித்துறையில் வேறு வகைகளும் உண்டு. இதற்கு மட்டும் கட்டளை என்னும் அடைமொழி ஏன் வந்தது? எழுத்தெண்ணிப் பாடவேண்டும் என்பதால் வந்தது. புள்ளி வைத்த ஒற்றெழுத்துகளை நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடியில் 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கும் அடியில் 17 எழுத்தும் இருக்கும். குறிலோ நெடிலோ தனித்து வருவது நேர். இரு குறில்களோ, குறிலும் நெடிலுமோ இணைந்து வருவது நிரை. வீட்டில் அந்தாதிப் புத்தகம் வைத்திருப்போர் ஒரு பாடலை எடுத்து விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டாகவும் இருக்கும். அபிராமி பட்டர் உருகிப் பாடியதும் இந்தக் கணக்குக்குள் நின்றுதான். பக்தி பெருகும்போது கணக்கு எதற்கு என்று கேட்போர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேவாரப் பண்களிலும் கட்டளை உண்டு. ஒரே பண்ணுக்குள் பாடலின் நடையும் தாளப் போக்கும் மாறும் வகைகளை ஓதுவார்கள் அப்பெயரால் குறிப்பர். சைவ சித்தாந்தத்தில் தத்துவக் கட்டளை என்றொரு நூல்வகை இருக்கிறது. 36 தத்துவங்களையும் 60 தாத்துவிகங்களையும் வரிசைப்படுத்தி உரைப்பது அது. ஆக மொத்தம் 96.

இத்தனை இடங்களிலும் பொதுவாக நிற்பது, முன்னரே வரையறுத்த அளவு. கோயிற் கட்டளையும் அதுவே என்பது என் கருத்து. இன்ன பூசை, இன்ன நாள், இவ்வளவு அரிசி, இவ்வளவு எண்ணெய் என்று அளவு குறித்து, அதற்கு வருவாயும் காட்டி விடுவது கட்டளை. திருவாரூரில் ராஜன் கட்டளை, அபிஷேகக் கட்டளை என்று தனித்தனியே உண்டு. மடத்தின் சார்பில் இத்தகைய பொறுப்பைப் பார்ப்பவர் கட்டளைத் தம்பிரான். திருவிழாவில் ஒரு நாளை ஏற்கும் உபயம் அந்த நாளோடு முடியும். கட்டளையோ ஆண்டுதோறும் நடந்தாக வேண்டும்.

சோழர் கல்வெட்டுகளில் இவ்வகை ஏற்பாட்டை நிவந்தம் என்பர். பெயர் வேறாயினும் முறை ஒன்றே. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு நாள்தோறும் எரிய உழக்கு நெய் வேண்டும். அதற்கு இராசராசன் காலத்தில் விட்டவை 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். (சித்தாந்தத்தின் 96க்கும் இந்த 96க்கும் தொடர்பு தேட வேண்டியதில்லை.) நெய்யை அளக்கவும் கோயிலின் பெயரால் வழங்கிய அளவுகளே பயன்பட்டன, மரக்காலுக்கே ஆடவல்லான் என்று பெயர். ஆடு மூப்படையும், சாகும்; குட்டியும் போடும். ஆகவே மந்தையின் எண்ணிக்கை குறையலாகாது என்னும் கருத்தில், சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் எழுதின. ஆடுகளை ஏற்ற இடையரோடு அவர் உறவினரும் பொறுப்பேற்றனர்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் கவனிக்கத்தக்கது. அளவு காசில் இல்லை, நெய்யில் இருந்தது. காசின் மதிப்பு எப்படி மாறினாலும் உழக்கு உழக்குதான்.

இன்று நாம் ஆட்டுக்குப் பதிலாக வங்கியில் வைப்புத்தொகை போடுகிறோம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஆயிரம் வெள்ளி வைத்தார் என்று கொள்வோம். அன்று அதன் வட்டியில் ஒரு நாள் அபிஷேகமும் பிரசாதமும் நடந்திருக்கும். இன்று அதே வட்டி பூமாலைக்கே போதாது. வைத்தவரும் இல்லை. பிள்ளைகள் வேறு நாட்டில் இருக்கக்கூடும். பூசையை நிறுத்தினால் வாக்குத் தவறியதாகும். நடத்தினாலோ பற்றாக்குறையை மற்ற அன்பர்களின் உண்டியல் காசிலிருந்து ஈடுசெய்ய வேண்டும். இது எந்த நிர்வாகத்துக்கும் சங்கடமான நிலை.

ஆதலால் கட்டளை வைக்க விரும்பும் அன்பர்கள் தொகையை மட்டும் எழுதாமல், எந்தப் பூசை, என்னென்ன பொருள், எவ்வளவு என்பதையும் எழுதித் தருவது நலம். வட்டி போதாத ஆண்டில் குடும்பத்தார் கூட்டித் தருவார்களா, அல்லது பூசையைச் சுருக்கி ஒரு நெய்விளக்காக ஏற்றலாமா, அல்லது பல சிறு கட்டளைகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தலாமா என்பதையும் அதே தாளில் குறித்துவிடலாம். வட்டியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலோடு சேர்த்துவரச் சொல்வதும் ஒரு வழி. இடையர் குட்டிகளை மந்தையில் விட்டுவைத்தது அதற்காகத்தான்.