வெயில், மழை, பனி: காலத்துக்கேற்ற உடைக்கு 25 குறிப்புகள்

கோட்டும் கம்பளியும் மாட்டித் திரியும் அளவுக்கு நம் சமவெளியில் குளிர் கிடையாது. கோடையில் வியர்வை, நடுவில் ஆடிக் காற்று, ஐப்பசியில் அடைமழை, மார்கழியில் கொஞ்சம் பனி. இவ்வளவுதான் நம் பருவங்கள். துணியில் ஏறும் ஈரம் எவ்வளவு சீக்கிரம் வெளியேறும் என்று பார்த்து எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். எதோடு எதைச் சேர்த்துப் போடுவது என்பது மீதிப் பாதி. இரண்டுக்கும் உதவும் குறிப்புகள் இங்கே.

வாங்கும்போது

1. முதலில் துணி, அப்புறம் நிறம், கடைசியாக டிசைன். நாம் பெரும்பாலும் தலைகீழாகத்தான் பார்க்கிறோம். பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே உள்வாங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. அதனால்தான் பாலியஸ்டர் சட்டைக்குள் வியர்வை உடம்போடு வழிகிறது. அதே காரணத்தால்தான் மழை நாளில் அது மளமளவென்று காய்ந்தும் விடுகிறது. ஆக, துணியில் குற்றமில்லை. காலம் மாற்றிப் போட்டால்தான் தொல்லை.

2. காட்டன் என்று சொல்லி விற்பதெல்லாம் காட்டன் ஆகிவிடாது. சந்தேகம் வந்தால், வீட்டில் ஓரத்து நூல் இரண்டை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். பட்டில் முடி பொசுங்கும் நாற்றம் வரும். சாம்பல் விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். ரேயான் மட்டும் பருத்தி போலவே எரிந்து ஏமாற்றும். அதற்கு வேறு சோதனை: நூலின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து இழுங்கள். நனைந்த இடத்தில் பட்டென்று அறுந்தால் ரேயான். பருத்தி நனைந்தால் பலம் கூடும், ரேயானுக்குக் குறையும்.

3. கைத்தறிச் சேலை எடுக்கும்போது எத்தனை கவுண்ட் நூல் என்று கேளுங்கள். எண் கூடக் கூட நூல் மெலிசு. 100, 120 கவுண்ட் சேலை கோடையில் உடுத்தியதே தெரியாது. 60 கவுண்ட் சேலை கனமாக இருக்கும், மடிப்பு நன்றாக நிற்கும்.

4. டீ சட்டைக்கு ஜி.எஸ்.எம். என்ற எடைக் கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. 140 முதல் 160 வரை வெயிலுக்குத் தோது. 180க்கு மேல் போனால் கெட்டித் துணி. திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் வாங்குகிறவர்கள் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஊசி ஓட்டை, சாயத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்திருந்தால் வேண்டாம். துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கும்.

5. கடை விளக்கு வெளிச்சத்தில் எல்லா நிறமும் அழகுதான். துணியை வாசல் பக்கம் எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் கன்னத்தோடு ஒட்டிப் பாருங்கள். முகம் தெளிவாகத் தெரிந்தால் உங்கள் நிறம். துணி மட்டும் பளிச்சென்று தெரிந்து முகம் சோர்ந்து தெரிந்தால், அது பொம்மைக்குத்தான் பொருத்தம்.

6. தீபாவளித் துணியை ஆடித் தள்ளுபடியிலேயே எடுத்து, ஆவணியில் தைக்கக் கொடுத்துவிடுங்கள். புரட்டாசி பிறந்துவிட்டால் தையல்காரர் நம் பேச்சைக் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார். தள்ளுபடிச் சேலையை மட்டும் முந்தி முதல் உள்முனை வரை முழுக்கப் பிரித்துப் பார்த்தே வாங்குங்கள். மடிப்புக்குள் கறையோ இழை விட்டதோ இருந்தால் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

தைக்கக் கொடுக்கும்போது

7. புது ஜாக்கெட் முதல் சலவையிலேயே அக்குளில் சுருக்கம் விழுந்து, முதுகுப் பக்கம் உப்பிக்கொண்டு நிற்கிறதா? குற்றவாளி பெரும்பாலும் லைனிங்தான். மேல்துணி சுருங்காமல் லைனிங் மட்டும் சுருங்கினால் இப்படித்தான் ஆகும். லைனிங் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் காயப்போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். சேலை ஃபால்ஸுக்கும் இதே வைத்தியம். ஊறவைக்காமல் தைத்த ஃபால்ஸ், சேலையின் கீழ்க்கரையைக் கொசுவம் போல இழுத்துவிடும்.

8. ஜாக்கெட்டில் இரு பக்கமும் உள்ளே ஒரு அங்குலமாவது துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். உடம்பு கூடினால் ஒரு தையல் பிரித்தால் போதும். பிள்ளைகளின் பாவாடைக்கும் பள்ளிச் சீருடைக்கும் அடியில் அகலமாக மடிப்பு வைத்தால் அடுத்த வருடமும் ஓடும்.

சேர்த்துப் போட

9. சேலைக்கு ஒரு ஜாக்கெட் என்று கணக்கு வைத்தால் பீரோவும் கொள்ளாது, பணமும் கொள்ளாது. கறுப்பு, மெரூன், கடுகு மஞ்சள், சந்தன நிறம் என்று நான்கு ஜாக்கெட் டூ பை டூவிலோ கைத்தறித் துணியிலோ தைத்து வையுங்கள். காரைக்குடிக் கண்டாங்கியின் கட்டத்துக்குக் கறுப்பு எடுப்பாக இருக்கும். கரும்பச்சைச் சுங்குடிக்கு மெரூன் அல்லது கடுகு மஞ்சள். பூப்போட்ட வெளிர்நிறச் சேலைகளுக்குச் சந்தன நிறம். அன்றாடம் கட்டும் சேலைகளில் முக்கால்வாசி இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

10. எந்த ஜாக்கெட் போடுவது என்று குழப்பமா? சேலையில் அதிகமாக இருக்கும் நிறத்தை விடுங்கள். கரையிலோ புட்டாவிலோ கொஞ்சமாக எட்டிப் பார்க்கும் நிறத்தை எடுங்கள். செட்டாக வந்த ஜாக்கெட்டை விட எடுப்பாகத் தெரியும்.

11. சுடிதாரைச் செட்டாக வாங்கினால் ஒன்று வெளுத்ததும் மூன்றும் மூலைக்குப் போகும். டாப்ஸ் ஆறு, பேன்ட் மூன்று, துப்பட்டா மூன்று என்று தனித்தனியாக எடுங்கள். பேன்ட் மூன்றும் ஒற்றை நிறமாக, கறுப்பு, வெள்ளை, கருநீலம் போல இருக்கட்டும். டாப்ஸில் பூ வேலை இருந்தால் துப்பட்டா வெறுமையாகவும், டாப்ஸ் வெறுமையாக இருந்தால் துப்பட்டா நிறைய வேலையோடும் இருந்தால் கண்ணுக்கு இதம்.

12. ஆண்களுக்கும் இதே கணக்குத்தான். கருநீலம், சாம்பல், காக்கி என மூன்று பேன்ட் இருந்தால் ஏறக்குறைய எல்லாச் சட்டையும் சேரும். வியர்வைத் திட்டைப் பளிச்சென்று காட்டிக்கொடுப்பவை சாம்பல் நிறமும் இளநீலமும். அதிகம் வியர்ப்பவர்கள் வெள்ளை, கருநீலம், சின்னக் கட்டம், பொடிக்கோடு பக்கம் போகலாம்.

வெயில் காலம்

13. எல்லா ஊர் வெயிலும் ஒன்றல்ல. வேலூர், கரூர் பக்கம் வறண்ட வெயில்; வியர்வை உடனுக்குடன் ஆவியாகிவிடும். அங்கே உடம்பை மூடிய, தளர்வான பருத்தி உடை நிழல் மாதிரி காக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் வியர்வை ஆறாது. அங்கே துணி மெலிசாகவும், அக்குள், கழுத்து, இடுப்பில் பிடிக்காமலும் இருப்பது முக்கியம். அக்னி நட்சத்திரம் மே முதல் வாரத்தில் தொடங்கி மாதக் கடைசி வரை இருக்கிறது. அதுவரை லெகின்ஸுக்கும் இறுக்கமான ஜீன்ஸுக்கும் விடுமுறை கொடுங்கள்.

14. வண்டி ஓட்டுகிறவர்கள் மேலே ஒரு முழுக்கைப் பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெளிர்நிறம் சூட்டைக் குறைக்கும். ஆனால் சல்லடை மாதிரி மெல்லிய துணி தோலைக் கறுக்காமல் காக்காது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியாத நெசவாக இருக்க வேண்டும்.

15. சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்குப் பட்டு கட்டாமல் தீராது. முகூர்த்த நேரத்துக்கு மட்டும் கனமான காஞ்சிப் பட்டு. சாப்பாட்டுப் பந்திக்கு முன்பே கோரா காட்டனுக்கோ பட்டும் பருத்தியும் கலந்த சேலைக்கோ மாறிவிடுங்கள். பட்டு ஜாக்கெட்டுக்கு லைனிங் கட்டாயம் பருத்தியாக இருக்கட்டும். சென்ட்டைச் சேலை கட்டுவதற்கு முன்பே உடம்பில் போட்டு, காய்ந்த பிறகு உடுத்துங்கள். சரிகையில் நேரடியாகப் பட்டால் கறுத்துவிடும்.

16. பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடும்போது கெட்டியாகக் கரைத்தால் காற்று புகும் துளை அடைபட்டுச் சேலை புழுங்கும். வடிகஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ, நன்றாக வடிகட்டி, நீர்க்கக் கரைத்துப் போடுங்கள். கருநிறச் சேலையை உள்பக்கம் வெளியே வரும்படி நிழலில் உலர்த்தினால் வெள்ளைத் திட்டு தெரியாது, நிறமும் வெளுக்காது.

ஆடிக் காற்றில்

17. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் ஷிஃபான் முந்தானை எம்மாத்திரம்? கோவை, தென்காசி, ஆரல்வாய்மொழி பக்கம் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் ஆளைத் தள்ளும். கண்டாங்கி போன்ற கனமான சேலை கட்டி, முந்தானையை மடித்துப் பின் குத்துங்கள். குடை போல் விரியும் அனார்கலியை விட நேர்வெட்டு டாப்ஸ் நல்லது. இருசக்கர வண்டியில் போனால் துப்பட்டாவை இரு முனையும் இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

மழைக் காலம்

18. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதற்கு முன்பே ஜீன்ஸ், வெள்ளை பேன்ட், தரையைக் கூட்டும் பலாஸோ எல்லாவற்றையும் உள்ளே வையுங்கள். கணுக்காலுக்கு மேலே நிற்கும் பேன்ட், சீக்கிரம் காயும் கிரேப், பாலி காட்டன் வெளியே வரட்டும். ரேயான் நனைந்தால் கனத்துத் தொங்கும், பலமும் குறையும். சேலை கட்டுகிறவர்கள் பருத்தி உள்பாவாடைக்குப் பதில் சாட்டின் பாவாடை கட்டினால் ஈரம் காலில் ஒட்டாது.

19. அலுவலகத்தில் ஒரு செட் உடை, உள்ளாடை, சிறு துண்டு, ரப்பர் செருப்பு ஆகியவற்றை ஜிப் உள்ள பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். ஈரத் துணியோடு ஏசியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் மறுநாள் விடுப்புத்தான். தோல் செருப்பு நனைந்தால் வெயிலில் வைக்காதீர்கள். உள்ளே செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக் காற்றில் ஆறவிடுங்கள்.

20. சேறு பட்டதும் பதறிப்போய்த் தேய்த்தால் கறை இழைக்குள் இறங்கும். காயவிட்டு, பிரஷ்ஷால் மண்ணை உதிர்த்துவிட்டு அப்புறம் துவையுங்கள். மழைக் காலத்தில் கஞ்சி வேண்டாம். பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் வரும்.

21. தீபாவளியன்று பிள்ளைகளுக்கு நைலான் வலை, பாலியஸ்டர் ஃபிராக் போட்டுப் பட்டாசு வெடிக்க விடாதீர்கள். தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். புதுத் துணியைச் சாமி கும்பிட்டதும் கழற்றி வைத்துவிட்டு, உடம்போடு ஒட்டிய பருத்தி உடையை மாட்டி விடுங்கள்.

பனிக் காலம்

22. மார்கழியும் தையும் பட்டுக்கு ஏற்ற மாதங்கள். வியர்வை இல்லாததால் கனமான சேலையும் உறுத்தாது. சென்னையில் டிசம்பர் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு வெளிப்பனியை விட அரங்கத்து ஏசிதான் எதிரி. பட்டின் கரைக்குப் பொருந்தும் ஒற்றை நிறச் சால்வை ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

23. ஊட்டி, கொடைக்கானல் போகும்போது ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரை நம்பாதீர்கள். உடம்போடு ஒட்டிய பனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், கடைசியில் காற்றுப் புகாத ஜெர்கின் என்று அடுக்கிக்கொள்ளுங்கள். அடுக்குகளுக்கு இடையில் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. மதியம் வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஸ்வெட்டரை ஹேங்கரில் மாட்டாமல் மடித்து வையுங்கள். மாட்டினால் தோள் நீண்டுவிடும்.

பீரோவில்

24. பருவம் முடிந்து உள்ளே போகும் துணியை, ஒரு தடவைதான் போட்டது என்றாலும், துவைத்தே வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத வியர்வைதான் ஆறு மாதத்தில் மஞ்சள் திட்டாகிறது, பூச்சியையும் அழைக்கிறது. அந்த மஞ்சளுக்கு பிளீச்சிங் போட்டால் இன்னும் மஞ்சளாகும். பட்டை மட்டும் நிழலில் ஆறவிட்டு, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றாவிட்டால் சரிகை மடித்த இடத்தில் ஒடியும். அந்துருண்டையைத் துணி முடிச்சில் கட்டி, பட்டில் படாமல் ஓரமாக வையுங்கள்.

25. புதிதாக ஒன்று எடுக்கும்முன் கடையிலேயே நின்று, வீட்டில் இருப்பவற்றில் எந்த மூன்றோடு இது சேரும் என்று பெயர் சொல்லிப் பாருங்கள். மூன்று வாயில் வந்தால் பில் போடச் சொல்லுங்கள். ஒன்றுதான் வந்தது என்றால் அதற்காக இன்னும் இரண்டு வாங்க வேண்டிவரும். பேசாமல் மடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.