பொயிலரில் பிடிப்பது உப்பா?

"எங்கட கிணத்துத் தண்ணி உப்பு. அதுதான் பொயிலரில உப்புப் பிடிக்குது."

மன்னார்த் தீவிலுள்ள எருக்கலம்பிட்டி போலக் கடலை ஒட்டிய ஊரில் இப்படி நினைப்பது இயல்பு. ஆனால் கறியுப்பு அவ்வளவு சுலபமாகப் படிவதில்லை. ஒரு லீற்றர் நீரில் 350 கிராமுக்கு மேல் அது கரையும். கடல்நீரிலேயே எல்லா உப்புகளும் சேர்ந்து லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம்தான். கேத்தல் வற்றிக் காய்ந்தால் உப்பு தங்கும்; மறுபடி தண்ணீர் ஊற்றியதும் கரைந்துவிடும். தேத்தண்ணிக் கடைப் பொயிலரின் அடியில் இருக்கும் வெள்ளை அப்படிக் கரைவதில்லை, சுரண்டத்தான் வேண்டும்.

அது சுண்ணாம்புக்கல். புத்தளத்திலிருந்து மன்னார்க் கரையோரமாக யாழ்ப்பாணம் வரை நிலத்துக்கடியில் மயோசீன் காலச் சுண்ணக்கல் கிடக்கிறது. மன்னார்த் தீவின் மணலிலும் சிப்பித்தூள் கலந்திருக்கிறது. மழைநீர் மண்ணில் காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு இவற்றைக் கரைத்துக் கிணற்றுக்கு வருகிறது. கொதிக்கும்போது அந்த வாயு பறந்துவிட, கரையாத கல்சியம் காபனேற்று மிஞ்சுகிறது. 1990 ஒக்டோபரில் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் போன எருக்கலம்பிட்டி முஸ்லிம்களுக்கும் அந்தக் கல் புதிதாக இருந்திருக்காது. அங்கே அருவக்காட்டில் அதை வெட்டித்தான் சீமெந்து செய்கிறார்கள்.

உப்பு முழுக்க நிரபராதி என்றும் சொல்லமாட்டேன். இரும்பை அரிப்பது அதுதான். ஆனால் படிவைத் தடுக்கும் மென்னீராக்கி இயந்திரத்துக்குத் தீனியும் உப்புத்தான்: பிசின் மணிகள் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன, மணிகள் களைத்ததும் உப்புக் கரைசலால் கழுவினால் திரும்ப வேலை செய்யும்.

"கால் அங்குலம் பிடிச்சா விறகில பாதி வீண்."

2022இன் தட்டுப்பாட்டில் எரிவாயு வரிசையில் நின்றவர்களுக்கு இந்தப் பயம் வந்தது நியாயம். இப்படிப்பட்ட பெரிய கணக்குகள் நூறு வருடங்களுக்கு முன்பே பொயிலர்க்காரர்களிடம் உலவின. அமெரிக்காவில் இலினோய் பல்கலைக்கழகத்தின் ஷ்மிட், ஸ்னோட்கிராஸ் இருவரும் ரயில் எஞ்சின் குழாய்களைச் சோதித்து 1907இல் முடிவை வெளியிட்டார்கள். எட்டில் ஒரு அங்குலம் வரையான படிவில் வெப்ப இழப்பு சில குழாய்களில் கண்டுகொள்ளத் தேவையில்லாத அளவு, சிலவற்றில் 10, 12 சதவீதம். தடிப்பைப் போலவே படிவு இறுக்கமா, பொருபொருப்பா என்பதும் முக்கியம் என்று கண்டார்கள்.

ஏன் இவ்வளவு குறைவு? வெப்பத்துக்குப் பெரிய தடை தீச்சுவாலைக்கும் உலோகத்துக்கும் நடுவே இருக்கும் காற்றுதான். அந்தத் தடையோடு பார்த்தால் மெல்லிய படிவு சின்னது. மின்சாரக் கேத்தலில் சுருள் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருப்பதால் சூடு வேறெங்கும் போக வழியில்லை. படிவால் மின்கட்டணம் ஏறுவதே அபூர்வம்.

அப்படியானால் விட்டுவிடலாமா? அங்கேதான் ஆபத்து. வீணாவது விறகைவிட உலோகம். தண்ணீர் தொட்டுக் குளிர வைக்கும் வரைதான் இரும்பு தாங்கும். கட்டுக்கரைக்குளத்து நெல்லைப் புழுக்கும் ஆலையில் உமி எரியும் பொயிலரை எடுத்துக்கொள்ளுங்கள். தீ கடுமையாகப் படும் இடத்தில், சதுர மீற்றருக்கு 200 கிலோவாற்று வெப்பம் பாய்கிறது என்று வைத்தால், ஒரு மில்லிமீற்றர் படிவே இரும்பின் சூட்டை நூறு பாகையளவு ஏற்றிவிடும். ஐந்நூறு பாகையை நெருங்கினால் சாதாரண உருக்கு இளகி, அமுக்கத்தில் வீங்கி, ஒருநாள் வெடிக்கும். கேத்தலில் சுருள் எரிந்துபோவதும் இதே கதைதான், சின்ன அளவில்.

"அசிட் ஊத்தினா ஒரு நிமிசத்தில போயிடும்."

போகும், பொயிலரும் சேர்ந்து. சீமெந்துக் கறை கழுவ விற்கும் ஐதரோகுளோரிக் அமிலம் படிவைத் தின்று முடித்ததும் இரும்பைத் தின்னும். அலுமினியத்தை இன்னும் வேகமாக. ஆலைகளில் அரிப்புத் தடுப்பி சேர்த்து, அளவு பார்த்து, தெரிந்தவர்கள் செய்வது வேறு. புளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரீன் வாயு கிளம்பும்; இரண்டையும் ஒரு வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

அப்பச்சோடாவைச் சிபாரிசு செய்வோரும் உண்டு. அது காரம், சுண்ணாம்பைக் கரைக்காது. உருளைக்கிழங்கு போடும் பழக்கம் மட்டும் முழுப் பொய்யல்ல. பழைய நீராவிப் பொயிலர்க்காரர்கள் உண்மையாகவே போட்டார்கள். மாப்பொருள் படிவை இறுகவிடாமல் சேறாக்கும். ஆனால் ஏற்கனவே கல்லானதை அது எடுக்காது, நுரையும் தள்ளும்.

கடைப் பொயிலருக்குத் தென்னை வினாகிரி போதும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து இளஞ்சூடாக ஊற்றினால் குமிழி எழும். செம்புப் பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். பச்சைக் களிம்பு பிடித்தால் அது நஞ்சு. குமிழியே வராவிட்டால் படிவில் கல்சியம் சல்பேற்று மிகுதியாக இருக்கலாம். அதைச் சலவைச்சோடாவோடு கொதிக்கவைத்துக் காபனேற்றாக்கிய பிறகுதான் வினாகிரி வேலை செய்யும். எதற்கும், கழுவி முடித்து முதல் இரண்டு தடவை கொதிக்கவைத்த தண்ணீரையும் கீழே ஊற்றிவிட்டுத் தேத்தண்ணி போடுங்கள்.