தூதுறவும் மனித உரிமையும்: தென்னாப்பிரிக்கா தரும் பாடம்

தன் குடிகளை ஒடுக்கும் அரசோடு பிறநாட்டரசு எவ்வாறு உறவு கொள்ளுதல் வேண்டும்? இவ்வினாவிற்கு விடை காண, இந்திய - தென்னாப்பிரிக்க உறவின் வரலாற்றை நோக்குவோம்.

1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியருள் தமிழர் பலர். அவர்தம் வழித்தோன்றல்கள் நிலம் வாங்கவும் விரும்பிய இடத்தில் குடியிருக்கவும் 1946ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது. அவ்வாண்டே இந்தியா அந்நாட்டுடன் வணிக உறவைத் துண்டித்தது. ஐக்கிய நாடுகள் அவையிலும் முறையிட்டது. 'இஃது எம் உள்நாட்டுச் செய்தி' என்ற தென்னாப்பிரிக்காவின் வாதத்தைப் பொதுப்பேரவை ஏற்கவில்லை.

அந்நாளில் இந்திய ஏற்றுமதியில் ஏறத்தாழ 5 விழுக்காடு அந்நாட்டிற்குச் சென்றது. இழப்பை அறிந்தே எடுத்த முடிவு அது. 1974இல் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியிலும் தென்னாப்பிரிக்காவோடு ஆட இந்தியா மறுத்தது.

அரசோடு உறவு அறுந்தது, மக்களோடு அறவில்லை. 1952இல் கறுப்பின மக்களையும் உள்ளடக்கிய நிறவெறிச் சிக்கல் முழுவதையும் இந்தியா பிற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளோடு இணைந்து ஐ.நா. முன் வைத்தது. 1967இல் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் அலுவலகம் புதுதில்லியில் திறக்கப்பெற்றது. நிறவெறி ஆட்சி முடிவை நெருங்கிய 1993இல் தூதுறவு மீண்டும் தொடங்கிற்று.

நிறவெறியை வீழ்த்தியது அம்மக்களின் போராட்டமே. அயலார் செய்தது துணை மட்டுமே. எனினும், நம்மவர்க்காக எழுந்த குரல் பிறர்க்காகவும் ஒலித்தபோதே அது அறக்குரலாயிற்று என்பதை நாம் மறத்தலாகாது. இன்று எந்நாட்டுறவை எடை போடினும், இழப்பு நமதாகவும் துயர் பிறரதாகவும் இருக்குமிடத்து என் செய்வோம் என்பதே உரைகல்லாகும்.