பகுதியில் மாறி வந்தால்: ஒரு தறிக் கணக்கு

விசைத்தறி ஓடும் ஊர் சங்கரன்கோவில். இங்குள்ள பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கீழே உள்ள கணக்கு அந்நியமாகத் தெரியாது.

ஒரு சேலை ஆர்டரை இரண்டு தறிகளில் சேர்த்து ஓட்டினால் 6 நாளில் முடியும். தனியாக ஓட்டினால், பழைய தறி புதியதைவிட 5 நாள் கூடுதலாக எடுக்கும். புதிய தறி மட்டும் ஓடினால் எத்தனை நாள்?

புதியதற்கு 'அ' நாள் என்று கொள்வோம். நாட்களைக் கூட்டக் கூடாது. ஒரு நாள் வேலையைத்தான் கூட்ட வேண்டும். புதியது ஒரு நாளில் 1/அ பங்கும் பழையது 1/(அ+5) பங்கும் முடிக்கும்.

1/அ + 1/(அ+5) = 1/6

எடுத்த எடுப்பில் பெருக்கத் தொடங்காதீர்கள். எந்த மதிப்புக்குப் பகுதி பூச்சியமாகும் என்று முதலில் பாருங்கள். இங்கே 0, −5. பாடநூல் இவற்றை விலக்கப்பட்ட மதிப்புகள் என்கிறது. விடைத்தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கு 6அ(அ+5). எல்லா உறுப்புகளையும் அதனால் பெருக்குங்கள்.

6(அ+5) + 6அ = அ(அ+5)

சுருக்கினால் அ² − 7அ − 30 = 0. காரணிப்படுத்தினால் (அ−10)(அ+3) = 0. நாள் கணக்கில் −3 பொருந்தாது, விடை 10. சரிபார்த்தால் 1/10 + 1/15 = 5/30, அதாவது 1/6.

குறுக்குப் பெருக்கல் பலருக்கும் பிடித்த வழி. இருபுறமும் ஒவ்வொரு பின்னம் மட்டும் இருந்தால்தான் அது நேராகப் பயன்படும். மற்ற இடங்களில் மீச்சிறு பொது மடங்கே பாதுகாப்பு.

இனி, மதிப்பெண் பறிபோகும் இடம்:

அ/(அ−3) = 2 + 3/(அ−3)

பின்னமாக இல்லாததால் 2-ஐப் பெருக்காமல் விட்டுவிடுவார்கள்; அ = 5 என்று தவறாக வரும். அதையும் பெருக்கினால் அ = 2(அ−3) + 3. கழித்தல் உள்ள கோவைக்கு அடைப்புக்குறி அவசியம். சுருக்கினால் அ = 3.

இங்கேதான் ஓரத்துக் குறிப்பு காப்பாற்றும். 3 விலக்கப்பட்ட மதிப்பு. அ = 3 என்றால் (அ−3)-ஆல் பெருக்கியது பூச்சியத்தால் பெருக்கியதாகிவிடும். பூச்சியத்தால் பெருக்கினால் சமமில்லாத இரண்டு பக்கங்களும் சமமாகிவிடும். அப்படி நுழைந்ததுதான் இந்த 3. ஆகவே தயங்காமல் 'தீர்வு இல்லை' என்று எழுதுங்கள். அதுவே முழு விடை.